மாமா பேசினார், டார்வின் கப்பல் ஏறினார்!

டார்வின் என்ற பெயர் உலகம் முழுவதும் தெரிந்த பெயர். உயிர்கள் எல்லாம் மாறி மாறி வளர்ந்து வந்தவை என்று எடுத்துக் காட்டியவர் அவர். இங்கிலாந்து நாட்டுக்காரர். 73 ஆண்டுகள் வாழ்ந்தார்.

அவர் வாழ்நாளில் செய்த பெரிய கடல் பயணம் ஒன்றே ஒன்றுதான். அந்தப் பயணத்தில் ஐந்தே வாரங்கள் அவர் காலபாகஸ் தீவுகளில் இருந்தார். பூமத்திய ரேகை அந்தத் தீவுக் கூட்டத்தின் வழியாகப் போகிறது. தென் அமெரிக்கக் கரையிலிருந்து சுமார் 1000 கிலோ மீட்டர் தள்ளி, நடுக்கடலில் கிடக்கும் தீவுகள் அவை.

அந்தப் பயணம் கிடைத்ததே ஒரு கதை. அதற்கு அவர் தயாரானது இன்னொரு கதை.

டாக்டர் மகன்

சார்லஸ் டார்வின் 1809-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி ஷ்ரூஸ்பரி என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் ராபர்ட் டார்வின் பெரிய டாக்டர். பணத்துக்குக் குறைவு இல்லை. ஆறு பிள்ளைகளில் சார்லஸ் ஐந்தாவது.

எட்டு வயதில் தாயார் இறந்து விட்டார். அக்காமார்கள்தான் தம்பியை வளர்த்தார்கள்.

படிப்பில் மனம் செல்லவில்லை. துப்பாக்கியும் நாயும் எலி வேட்டையுமாகத் திரிந்தார். குடும்பத்துக்கே இவனால் தலைக்குனிவு வரப்போகிறது என்று தகப்பனார் ஒருநாள் கடிந்து கொண்டார். அந்தச் சொல்லை டார்வின் கிழவரான பிறகும் மறக்கவில்லை.

மகனையும் டாக்டர் ஆக்கிவிட வேண்டும் என்பது தகப்பனார் எண்ணம். 16-வது வயதில் எடின்பரோ நகருக்குப் படிக்க அனுப்பினார்.

அந்தக் காலத்தில் மயக்க மருந்து கிடையாது. நோயாளியைப் பிடித்து வைத்துக் கொண்டு அறுப்பார்கள். ஒரு குழந்தைக்கு நடந்த ஆபரேஷனைப் பார்த்த டார்வின், பாதியிலேயே எழுந்து ஓடி விட்டார். பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

அடிமையாக இருந்தவர் ஆசிரியர் ஆனார்

எடின்பரோவில் ஜான் எட்மன்ஸ்டன் என்று ஒருவர் இருந்தார். கறுப்பு இனத்தவர். தென் அமெரிக்காவில் கயானா நாட்டில் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். செத்த பறவையின் தோலை உரித்து, பஞ்சு அடைத்து, கெடாமல் பாடம் செய்வதில் கைதேர்ந்தவர்.

டார்வின் அவரிடம் காசு கொடுத்துப் பாடம் கற்றார். தினம் ஒரு மணி நேரம், இரண்டு மாதம். பணக்கார வீட்டு வாலிபர் கைகட்டி உட்கார்ந்து கற்றுக் கொண்டது, ஊரார் மதிக்காத ஒரு மனிதரிடம்! கயானா காடுகளைப் பற்றியும் அவர் வாயால் கேட்டார்.

டாக்டர் படிப்பு வீணாயிற்று. ஆனால் எட்மன்ஸ்டன் சொல்லிக் கொடுத்த வித்தை வீணாகவில்லை. அந்த வித்தை மட்டும் இல்லாவிட்டால், பின்னால் தீவுகளில் சுட்ட பறவைகள் எல்லாம் அழுகிப் போயிருக்கும்.

வாயில் வண்டு!

டாக்டர் ஆகாவிட்டால் பாதிரியாராவது ஆகட்டும் என்று தகப்பனார் முடிவு செய்தார். 1828-ல் டார்வின் கேம்பிரிட்ஜ் போய்ச் சேர்ந்தார்.

அங்கே வண்டு பிடிக்கும் பைத்தியம் பிடித்தது. ஒருநாள் மரப்பட்டையை உரித்த போது அபூர்வமான வண்டுகள் இரண்டு கிடைத்தன. கைக்கு ஒன்றாகப் பிடித்துக் கொண்டார். மூன்றாவது வண்டு ஒன்று தெரிந்தது. விட மனம் இல்லை. ஒரு வண்டை வாயில் போட்டுக் கொண்டார்! அது சுரீர் என்று ஒரு நீரைப் பீய்ச்சியது. நாக்கு வெந்து போயிற்று. அந்த வண்டையும் துப்பினார், மூன்றாவதும் தப்பியது.

செடி கொடிகளைப் பற்றிப் பாடம் சொன்ன பேராசிரியர் ஹென்ஸ்லோவுக்கு இந்த வாலிபரைப் பிடித்து விட்டது. இருவரும் தினமும் சேர்ந்து உலாவப் போவார்கள். 1831 கோடையில் செட்ஜ்விக் என்ற பேராசிரியரோடு வேல்ஸ் மலைகளுக்குப் போய், பாறைகளைப் பார்க்கவும் டார்வின் பழகிக் கொண்டார்.

வீடு திரும்பினார். ஒரு கடிதம் காத்திருந்தது.

அப்பா மறுத்தார்

அது ஹென்ஸ்லோ எழுதிய கடிதம். தேதி 1831 ஆகஸ்டு.

பீகிள் என்ற அரசாங்கக் கப்பல் தென் அமெரிக்கக் கரைகளை அளந்து படம் வரையப் போகிறது. காப்டன் பெயர் பிட்ஸ்ராய். இயற்கையைத் தெரிந்த ஒரு நல்ல குடும்பத்து வாலிபர் துணைக்கு வேண்டும் என்கிறார். சம்பளம் கிடையாது. போக விருப்பமா என்று கேட்டிருந்தது.

டார்வினுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தகப்பனாரோ ஒரேயடியாக மறுத்தார். இது வெறும் வீண் வேலை. பாதிரியார் ஆகப் போகிறவனுக்கு அழகல்ல. வேறு பலரிடம் கேட்டு அவர்கள் மறுத்த பிறகுதான் இங்கே வந்திருக்கும். அப்படியானால் கப்பலில் ஏதோ கோளாறு இருக்கும். திரும்பி வந்தால் ஒரு தொழிலிலும் நிலைக்க மாட்டான். இப்படி அடுக்கினார்.

ஆனால் ஒரே ஒரு வழியை மட்டும் திறந்து வைத்தார். புத்தியுள்ள மனிதர் ஒருவராவது இதற்குச் சரி என்று சொன்னால், தாமும் சம்மதிப்பதாகச் சொன்னார்.

டார்வின் மனம் உடைந்து, வர முடியாது என்று பதில் எழுதி விட்டார்.

தாய்மாமன் வந்தார்

மறுநாள் தாய்மாமன் வீட்டுக்குப் போனார். மாமா பெயர் ஜோசையா வெட்ஜ்வுட். பேர்பெற்ற பீங்கான் தொழிற்சாலைக்குச் சொந்தக்காரர். தகப்பனார் மிகவும் மதித்த மனிதர்.

மாமா முழு விஷயத்தையும் கேட்டார். தகப்பனாரின் ஆட்சேபங்களை ஒரு தாளில் எழுதச் சொன்னார். மொத்தம் எட்டு. ஒவ்வொன்றுக்கும் மாமா பொறுமையாகப் பதில் எழுதினார். கடிதம் ஷ்ரூஸ்பரிக்குப் போயிற்று.

அதோடு மாமா ஓயவில்லை. செப்டம்பர் 1-ந் தேதி காலையில் டார்வின் வேட்டைக்குப் போயிருந்தார். மாமா ஆள் அனுப்பி அழைத்தார். தாமே வண்டியில் ஏற்றிக் கொண்டு ஷ்ரூஸ்பரிக்குப் புறப்பட்டார்.

மைத்துனர் நேரில் வந்து பேசியதும் தகப்பனார் இளகி விட்டார். சம்மதம் கிடைத்தது!

தகப்பனாரை மகிழ்விக்க டார்வின் ஒரு வார்த்தை சொன்னார். காலேஜில் அதிகமாகச் செலவு செய்தவர் அவர். கப்பலில் செலவழிக்க இடமே இல்லை. அங்கேயும் அளவுக்கு மேல் செலவு செய்ய வேண்டுமானால் மகா கெட்டிக்காரனாக இருக்க வேண்டும் என்றார். நீ கெட்டிக்காரன் என்றுதானே எல்லாரும் சொல்கிறார்கள் என்று தகப்பனார் சிரித்தார்.

மூக்கால் வந்த ஆபத்து

செப்டம்பர் 5-ந் தேதி லண்டனில் காப்டன் பிட்ஸ்ராயைச் சந்தித்தார். காப்டனுக்கு வயது 26. டார்வினுக்கு 22.

காப்டன் முகத்தைப் பார்த்துக் குணத்தைச் சொல்லும் சாஸ்திரத்தில் நம்பிக்கை உள்ளவர். டார்வினின் மூக்கு அவருக்குப் பிடிக்கவில்லை! இப்படிப்பட்ட மூக்கு உள்ளவனுக்கு நெடும் பயணத்துக்கு வேண்டிய உறுதி இருக்காது என்று நினைத்தார். நல்ல வேளையாகப் பேசிப் பார்த்ததில் எண்ணம் மாறியது. இந்த மூக்குக் கதை டார்வினுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

காப்டன் துணை தேடியதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காலத்தில் காப்டன் மற்றவர்களோடு கலந்து பழக மாட்டார். சாப்பாடு கூடத் தனியாகத்தான். பீகிள் கப்பலின் பழைய காப்டன், தூர தேசத்துக் கடலில் மனம் உடைந்து தம்மைத் தாமே சுட்டுக் கொண்டு இறந்தவர். தமக்கும் அந்தக் கதி வரக்கூடாது என்று பிட்ஸ்ராய் அஞ்சினார்.

பெட்டியில் என்ன வைத்தார்?

பிறகு ஓட்டமும் நடையுமாக வேலை நடந்தது. வீட்டுக்குக் கடிதம் பறந்தது. எட்டுச் சட்டை போதாது. பன்னிரண்டு தைக்க வேண்டும். எல்லாவற்றிலும் பெயர் குறிக்க வேண்டும். செருப்பு, நடப்பதற்கு லேசான பூட்ஸ், ஸ்பானிஷ் மொழிப் புத்தகங்கள், பாறைகளைப் பார்க்கும் திசைகாட்டி எல்லாம் அனுப்ப வேண்டும். பூதக் கண்ணாடிக் கருவியை உள்ளே பஞ்சு வைத்துக் கட்ட வேண்டும். பறவைகளைப் பாடம் செய்யும் புத்தகம் அறையில் இருந்தால் அதையும் சேர்க்க வேண்டும்.

துப்பாக்கிகளுக்கு மட்டும் 50 பவுன் ஆயிற்று. அந்த நாளில் அது பெரிய தொகை. காப்டன் தம் துப்பாக்கிகளுக்கு 400 பவுன் செலவழித்ததைக் கேட்டு டார்வின் ஆறுதல் அடைந்தார்!

கையில் பணம் இருக்கிறதே என்று கண்டபடி வாங்கவில்லை. தெரிந்தவர்களைத் தேடிப் போய்க் கேட்டார். பறவை, மீன் ஆராய்ச்சியில் பேர்பெற்ற வில்லியம் யாரெல் கடை கடையாகக் கூடவே வந்து, பேரம் பேசி விலையைக் குறைத்துக் கொடுத்தார். மீனையும் பூச்சியையும் சாராயத்தில் போட்டு எப்படி வைப்பது, புட்டியை எப்படி மூடுவது, பெட்டியை எப்படிக் கட்டி அனுப்புவது என்றெல்லாம் கேட்டுக் கொண்டார்.

வழியில் சேரும் பொருள்களைக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினால் தாம் வாங்கி வைப்பதாக ஹென்ஸ்லோ ஒப்புக் கொண்டார். இது மிகப் பெரிய உதவி. சேர்ப்பவர் ஒருவர் என்றால், காப்பவர் ஒருவர் வேண்டும் அல்லவா?

பத்தடி அறை

பீகிள் சின்னக் கப்பல். நீளம் 90 அடி. கும்மிடிப்பூண்டி சாலையில் போகும் 40 அடிக் கன்டெய்னர் பெட்டிகள் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால், அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அதற்குள் 74 பேர்!

டார்வினுக்குக் கிடைத்த அறை ஏறக்குறைய பத்தடிக்குப் பத்தடி. நடுவில் படம் வரையும் பெரிய மேஜை. சுவரெல்லாம் புத்தகங்கள். அந்த அறையில் வேறு இருவரும் வேலை செய்வார்கள். மேஜைக்கு மேலே தூளி போல ஒரு படுக்கை கட்டித் தூங்க வேண்டும். டார்வின் ஆறடி உயரம். கால் நீட்ட இடம் இல்லை. அலமாரியில் ஓர் இழுப்பறையைக் கழற்றிவிட்டு, அந்தச் சந்தில் காலை நீட்டிக் கொண்டார்.

கப்பலில் 22 கடிகாரங்கள் இருந்தன. பூமியில் ஓர் இடம் கிழக்கு மேற்காக எங்கே இருக்கிறது என்பதைத் துல்லியமான நேரத்தைக் கொண்டு கணக்கிடுவார்கள். ஒன்று பிசகினாலும் மற்றவை காட்டிக் கொடுக்கும் என்பதற்காக இத்தனை.

அக்டோபரில் டார்வின் பிளிமத் துறைமுகம் போய்ச் சேர்ந்தார். கப்பல் புறப்படவில்லை. பழுது பார்த்து முடியவில்லை. பிறகு காற்று சரியில்லை. இரண்டு மாதம் காத்திருந்தார். அந்த நாட்களில் நெஞ்சு படபடவென்று அடித்தது. இருதய நோய் என்றே நம்பினார். ஆனால் டாக்டரிடம் போகவில்லை. போகாதே என்று டாக்டர் சொல்லிவிட்டால்?

இரண்டு முறை கப்பல் புறப்பட்டது. இரண்டு முறையும் புயல் திருப்பி அடித்தது. கடைசியில் 1831 டிசம்பர் 27-ந் தேதி பீகிள் கரையை விட்டது.

கடலில் அவருக்குத் தலைசுற்றலும் வாந்தியும் ஓயவே இல்லை. பிஸ்கட்டும் உலர்ந்த திராட்சையும்தான் வயிற்றில் தங்கின. எத்தனை சாமான் கட்டினாலும் இதற்கு மருந்து பெட்டியில் இல்லை. கரை கண்ட இடமெல்லாம் இறங்கி நடந்தார். அதுவே அவருக்கு நன்மையாயிற்று.

எரிமலைத் தீவுகள்

இரண்டு ஆண்டு என்று கிளம்பிய பயணம் நீண்டு கொண்டே போயிற்று. பிரேசில், அர்ஜென்டினா, சிலி, பெரு எல்லாம் பார்த்து, 1835 செப்டம்பரில் காலபாகஸ் வந்தது கப்பல்.

கறுத்துப் போன எரிமலைக் குழம்புப் பாறைகள். அனல் வீசும் மணல். ஓரிடத்தில் மணலில் வைத்த வெப்பமானி 137 டிகிரி பாரன்ஹீட் வரை ஏறியது. அதற்கு மேல் காட்ட அதில் கோடு இல்லை.

பிராணிகளுக்கு மனிதனைக் கண்டு பயமே இல்லை. மரக்கிளையில் இருந்த பருந்தைத் துப்பாக்கி முனையால் தள்ளினார்! கையில் வைத்திருந்த தண்ணீர்ப் பாத்திரத்தின் விளிம்பில் ஒரு பறவை வந்து உட்கார்ந்து குடித்தது. உடும்பு போன்ற பெரிய பல்லிகள் கடலில் நீந்திப் பாசி தின்றன. ஆளைச் சுமக்கும் ஆமைகள் இருந்தன. டார்வின் முதுகில் ஏறிச் சவாரி செய்து பார்த்தார்.

நான்கு தீவுகளில் இறங்கினார். செடி, பூச்சி, பறவை, பாறை எல்லாம் சேர்த்தார்.

சீட்டு இல்லாத குருவிகள்

அங்கேதான் பிசகு நேர்ந்தது.

தீவின் அதிகாரி லாசன் என்பவர் ஒரு விஷயம் சொன்னார். ஆமையைப் பார்த்தே அது எந்தத் தீவு ஆமை என்று தம்மால் சொல்ல முடியும் என்றார். டார்வின் அதைக் காதில் வாங்கினார், மனத்தில் வாங்கவில்லை.

அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. சோழவரம் ஏரியில் நிற்கும் கொக்கும் பழவேற்காட்டில் நிற்கும் கொக்கும் ஒரே கொக்குதான். பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு ஊர்களில் இரண்டு வகை இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? ஒன்றுக்கொன்று கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் உள்ள தீவுகளைப் பற்றி டார்வினும் அப்படி நினைக்கவில்லை.

ஆகவே இரண்டு தீவுகளில் பிடித்த சிறு குருவிகளை ஒன்றாகக் கலந்து விட்டார். எது எந்தத் தீவு என்று சீட்டுக் கட்டவில்லை. ஆமைகளைக் கப்பல்காரர்கள் சமைத்துச் சாப்பிட்டு ஓட்டைக் கடலில் எறிந்தார்கள். அவரும் பேசாமல் இருந்து விட்டார்.

ஒரு பறவையில் மட்டும் நல்ல வேளையாகக் கண் விழித்தார். மைனா அளவுள்ள மாக்கிங்பேர்டு என்ற பறவை அது. ஒரு தீவில் கண்டதும் அடுத்த தீவில் கண்டதும் வேறாக இருந்தன. அவற்றுக்கு மட்டும் தீவின் பெயரை ஒழுங்காக எழுதி வைத்தார்.

1836 அக்டோபர் 2-ந் தேதி பீகிள் இங்கிலாந்து திரும்பியது. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள்! புட்டிகளில் 1529 பொருள்கள். பாடம் செய்தவையும் உலர்ந்தவையுமாக 3907.

வேலைக்காரர் காப்பாற்றினார்

1837 ஜனவரியில் லண்டனில் ஜான் கூல்ட் என்ற பறவை நிபுணர் அந்தக் குருவிகளைப் பார்த்தார். டார்வின் இவற்றில் சிலவற்றை வேறு வேறு குடும்பத்துப் பறவைகள் என்று எண்ணியிருந்தார். எல்லாம் ஒரே குடும்பம். அலகு மட்டும் வேறு வேறு என்று கூல்ட் கண்டுபிடித்தார். மாக்கிங்பேர்டுகள் மூன்று தனி இனங்கள் என்றும் சொன்னார்.

டார்வின் திடுக்கிட்டார். தீவுக்குத் தீவு இனம் மாறுகிறதா? தம் குருவிகளில் சீட்டு இல்லையே!

தேடினார். காப்டன் பிட்ஸ்ராய் தனியாகச் சில குருவிகள் வைத்திருந்தார். சிம்ஸ் கவிங்டன் என்ற வாலிபரும் வைத்திருந்தார். கப்பலில் பிடில் வாசிக்க வந்த கவிங்டனை டார்வின் வேலைக்கு அமர்த்தி, சுடவும் பாடம் செய்யவும் கற்றுக் கொடுத்திருந்தார். இவர்கள் தீவின் பெயரை எழுதி வைத்திருந்தார்கள். எஜமானர் மறந்ததை வேலைக்காரர் செய்திருந்தார்!

அந்தச் சீட்டுகளைக் கொண்டு டார்வின் கணக்கைச் சரி செய்யப் பார்த்தார். பெருநிலத்திலிருந்து வந்து சேர்ந்த ஒரு வகை, தீவுக்குத் தீவு பிரிந்து, அங்கங்கே கிடைக்கும் இரைக்கும் இடத்துக்கும் தக்கபடி தலைமுறை தலைமுறையாக மாறியிருக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்குள் வேர் விட்டது.

மாமா மகளே மனைவி

1839-ல் டார்வின் திருமணம் செய்து கொண்டார். மணமகள் எம்மா. யார் தெரியுமா? கப்பலுக்கு வழி செய்த அதே மாமாவின் மகள்! மருமகனைக் கடலுக்கு அனுப்பிய மாமா, மாமனாரும் ஆனார்.

1842 முதல் டவுன் என்ற கிராமத்தில் வாழ்ந்தார். உடல்நலம் கெட்டது. அருமை மகள் ஆனி பத்து வயதில் இறந்த துக்கமும் சேர்ந்தது. ஆனாலும் வேலையை விடவில்லை. இருபது ஆண்டு ஆதாரங்களைச் சேர்த்தார்.

1858-ல் வாலஸ் என்பவரிடமிருந்து ஒரு கட்டுரை வந்தது. பூமத்திய ரேகைக்கு அருகே மலாய்த் தீவுகளில் சுற்றிக் கொண்டிருந்த அவரும் அதே முடிவுக்கு வந்திருந்தார். இருவர் எழுத்தும் லண்டனில் ஒரே நாளில் படிக்கப்பட்டன. 1859 நவம்பர் 24-ந் தேதி, இனங்களின் தோற்றம் பற்றிய டார்வினின் புத்தகம் வெளிவந்தது. முதலில் அச்சிட்ட 1250 பிரதிகளில் விற்பனைக்கு வந்தவற்றை எல்லாம் புத்தகக் கடைக்காரர்கள் உடனே எடுத்துக் கொண்டார்கள்.

1882 ஏப்ரல் 19-ந் தேதி டார்வின் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். பீகிள் கப்பலை விட்டு இறங்கிய பிறகு அவர் பிரிட்டனை விட்டு வெளியே போகவே இல்லை.

இன்று போகிறவர்களுக்கு

காலபாகஸ் இன்று ஈக்குவடார் நாட்டின் பாதுகாக்கப்பட்ட பூங்கா. 1959-ல் அப்படி ஆக்கினார்கள். அங்கே உள்ள ஆராய்ச்சி நிலையத்துக்கு டார்வின் பெயர்தான். இப்போது துப்பாக்கிக்கு வேலை இல்லை. கல்லோ கிளிஞ்சலோ எடுக்கக் கூடாது. பிராணிகளைத் தொடக் கூடாது. வெளியிலிருந்து விதையோ பூச்சியோ வந்து விடாதபடி பெட்டிகளைச் சோதிக்கிறார்கள். பெரும்பாலான இடங்களில் வழிகாட்டியோடுதான் நடக்க வேண்டும். டார்வின் ஏறிய ஆமைகளில் சில தீவுகளின் வகைகள் அடியோடு அழிந்து போனதால் வந்த கட்டுப்பாடு இது.

சட்டையும் பூட்ஸும் யாரும் வாங்கலாம். பாடம் செய்யும் வித்தை, பாறை பார்க்கும் கண், பொருள்களைக் காக்க ஒரு நண்பர் எல்லாம் டார்வினுக்கு முன்னாலேயே அமைந்தன. தவறிப் போனது ஒரு துண்டுச் சீட்டு!

பழவேற்காட்டுக்குப் பிள்ளைகளைப் பறவை பார்க்க அழைத்துப் போகிறவர்களும் ஒரு சிறு நோட்டும் பென்சிலும் கொடுத்து அனுப்பலாம். எந்தப் பறவை, எந்த இடம், எந்த நாள் என்று மூன்றே வரி எழுதினால் போதும். அந்த மூன்று வரியின் அருமை பிறகுதான் தெரியும்.